சொல்லிப் போடு

சீட்டைக் கீழே இறக்கும்போது அதன் பெயரைச் சொல்லித்தான் இறக்க வேண்டும். எங்கள் ஆட்டத்தில் அப்படி ஒரு சட்டம் இருந்தது. வேறு எங்கும் நான் அதைப் பார்த்ததில்லை. “ஆட்டின் ஒம்போது”, “இஸ்பேடு பத்து” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். யாராவது சொல்லாமல் போட்டுவிட்டால், ஆட்டத்தில் எனக்கு ஜோடியாக இருந்தவர் தன் சீட்டை இறக்க மாட்டார். கையிலிருப்பதை விசிறி போலப் பிடித்தபடி காத்திருப்பார்.

“சொல்லிப் போடுபா. சீட்டுக்குத்தான் வாய் இல்ல, உனக்கு இருக்குதில்ல” என்பார்.

சட்டத்தை வைத்தவர் அவர்தான். ஏன் வைத்தார் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. அவர் பேச்சுக்காரர், கூட இருப்பவர்களும் பேசிக்கொண்டே ஆட வேண்டும் என்று ஆசைப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டோம்.

எனக்கு முதலில் அது பெரிய தொல்லையாக இருந்தது. நான் பேசுகிற ஆள் இல்லை. கல்யாணப் பந்தியில் சாம்பார் கேட்கக் கூச்சப்பட்டு, அப்பளத்தை நொறுக்கிப் போட்டுச் சாப்பிட்டுவிட்டு எழுந்தவன். தறிக்குழியில் உட்கார்ந்தால் காலையிலிருந்து மாலை வரை என் வாயிலிருந்து ஒரு சொல் வராது. நாலு பேர் நடுவில் என் குரல் கேட்டது என்றால் அது அந்தச் சீட்டாட்டத்தில்தான். ஒரு வருஷம் போன பிறகு, நானே கொஞ்சம் சத்தமாக “கிளாவர் ஜாக்கி” என்று சொல்லிப் போடுவது எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் எங்கள் தெருக்களில் எல்லாருக்கும் இன்னார் என்று தெரிந்துவிடும். அவரைப் பற்றி நான் ஒரு முறை ஊருக்குத் தெரியப்படுத்தியதே போதும். அவர் தொழில் போனது என் வாயால்தான்.

அவர் டிசைன் அட்டை குத்துகிறவர். சேலையில் மயிலோ மாங்காயோ அன்னமோ விழ வேண்டுமானால், தறிக்கு மேலே இருக்கிற பெட்டியில் ஓட்டை போட்ட அட்டைகளைக் கோத்து மாலை போலத் தொங்கவிட வேண்டும். எந்த இழை எழும்ப வேண்டும், எது தங்க வேண்டும் என்பதை அந்த ஓட்டைகள்தான் தறிக்குச் சொல்லும். கட்டம் போட்ட தாளில் படம் வரைந்து வரும். அதைக் கட்டம் கட்டமாகப் பார்த்து அட்டையில் ஓட்டை குத்துவது அவர் வேலை. ஒரு ஓட்டை தப்பினால் மயிலின் கழுத்து முறிந்துவிடும். சேலை முந்தி முழுக்க அந்தப் பழுது திரும்பத் திரும்ப வரும். என் தறியில் ஏறிய அட்டைகளில் பாதிக்கு மேல் அவர் குத்தியவை. ஒரு மயிலுக்கும் கழுத்து முறிந்ததில்லை. இதை நான் நன்றாக அறிவேன். அன்றைக்கும் அறிந்திருந்தேன்.

அமாவாசை அன்று இங்கே தறி ஓடாது. காலையில் குளித்துப் படையல் போட்டு, காக்கைக்கு வைத்துவிட்டுச் சாப்பாடு. அதன் பிறகு ஆளாளுக்கு ஒரு போக்கிடம் உண்டு. எங்கள் நாலு பேருக்கும் செவிலிமேட்டில் கண்டக்டர் வீட்டு மாடி. டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவர் அவர். வேலை முடிந்த பிறகும் குரல் அப்படியே இருந்தது. மாடியில் அவர் பேசினால் தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்கு ஜோடி மேஸ்திரி. பட்டு முதலாளி ஒருவருக்காகத் தறிகளுக்குப் பாவு நூலும் டிசைனும் பங்கிட்டுக் கொடுப்பவர். எனக்குப் பாவு கொடுத்ததும் அவர்தான், என் ஜோடிக்குக் கட்டத்தாள் கொடுத்ததும் அவர்தான்.

ஆட்டம் முன்னூற்று நாலு. எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. கைக்கு வந்த சீட்டைப் பார்த்து, இவ்வளவு புள்ளி எடுப்போம் என்று கேட்க வேண்டும். அதிகம் கேட்டவர் துருப்பு வைப்பார். ஜாக்கிதான் பெரிய சீட்டு, அடுத்தது ஒன்பது. தோற்ற ஜோடி கீழே போய் டீயும் போண்டாவும் வாங்கி வர வேண்டும். வாங்குவது பெரிய விஷயம் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறும்போது கண்டக்டர் “வழி விடு, வழி விடு, படிக்கட்டுல நிக்காத, உள்ள போ” என்று கத்துவார். அதுதான் பெரிய விஷயம்.

என் ஜோடி எப்போதும் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவார். வேறு யாராவது அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால், முதுகு வலி, காற்று வேண்டும் என்று ஏதாவது சொல்லி எழுப்பிவிடுவார். சீட்டு கைக்கு வந்ததும் ஒவ்வொன்றாகத் தோளுக்கு மேலே தூக்கி வெளிச்சத்தில் பார்ப்பார். அடுக்க அவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வார். கண்டக்டர் அதற்குள் ஒரு வெற்றிலையைப் போட்டு மென்று முடித்துவிடுவார். அடுக்கிய பிறகு அவர் கையைப் பார்ப்பதே இல்லை. விரலால் எண்ணி எடுத்துப் போடுவார். என்ன ஒரு நிதானம் என்று நான் நினைத்திருக்கிறேன்.

எங்களைக் கண்டக்டர் “ஊமையும் பேச்சுக்காரனும்” என்பார். அதற்கு அவர் சிரித்துக்கொண்டே, “என் பார்ட்னருக்குக் கணக்கு மண்டைல ஓடுது. உனக்கு எல்லாம் வாய்லயே ஓடிப்போவுது” என்பார். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வீட்டிலும் கோயிலிலும் சந்தையிலும் நான் அவருக்குப் பார்ட்னர்தான். என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அண்ணா என்பேன்.

தெருவில் எதிரே போனால் அவர் முதலில் சிரிக்க மாட்டார். “யார்பா அது, குரல் குடு” என்பார். குரல் கொடுத்த பிறகுதான் முகம் மலரும். சிலரை இருமலை வைத்தே சொல்லிவிடுவார், சிலரைச் செருப்புச் சத்தத்தை வைத்து. ஜனங்களுக்கு அதில் ஒரு சந்தோஷம். நம்மிடம் ஒரு வார்த்தை வாங்காமல் போக மாட்டார் மனுஷன் என்று சொல்லிக்கொள்வார்கள்.

டீக்கடையில் பேப்பரை எடுத்து என் கையில் கொடுத்துவிடுவார். படித்துக் காட்டச் சொல்வார். நான் ஐந்தாவதோடு நின்றவன். பெரிய பெரிய சொற்கள் வந்தால் நாக்கு தடுக்கும். பெஞ்சில் இருக்கிற பையன்கள் சிரிப்பார்கள். அவர் சிரித்ததில்லை. “நிறுத்திப் படி. ஊடை இழைய அவசரமா போட்டா சேல நல்லாவா வரும்?” என்று சொல்லிவிட்டு, தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். நாலு வருஷம் அப்படிப் படித்தேன். இப்போது நான் பேப்பரைத் தடுக்காமல் படிக்கிறேன் என்றால் அதனால்தான். அவர் எனக்காகத்தான் அதைச் செய்கிறார் என்று நினைத்து உள்ளுக்குள் நெகிழ்ந்தும் இருக்கிறேன்.

அமாவாசை ஆட்டம் முடிந்து இரண்டு பேரும் ஆளுக்கொரு சைக்கிளில் திரும்புவோம். நான் முன்னால், அவர் பின்னால். என் சைக்கிள் செயின் கிரீச் கிரீச் என்று கத்தும். எண்ணெய் போட வேண்டும் என்று ஒரு நாள் சொன்னேன். “போடாத பார்ட்னர். அது பாட்டுக்குப் பாடிக்கினு வருது, உன்ன என்னா செய்து” என்றார். சரி என்று விட்டுவிட்டேன்.

அவர் வீடு எங்கள் தெருவுக்கு அடுத்த சந்தில். காலையில் அந்தப் பக்கம் போனால் உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் கேட்கும். ஒரே இழுப்பாக, ஏற்ற இறக்கம் இல்லாமல், ஏதோ ஓதுவது போல. சொற்கள் புரியாது. அந்த அம்மா தினமும் இரண்டு மணி நேரம் பாராயணம் செய்கிறார் என்று சந்தில் பேசிக்கொண்டார்கள். நானும் நம்பினேன். அந்த வீட்டைத் தாண்டும்போது செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் வைத்து நடந்திருக்கிறேன்.

இப்போது போன் விஷயத்துக்கு வருகிறேன்.

என் மகள் ஏனாத்தூரில் கல்லூரிக்குப் போகிறாள். அவள்தான் என் போனில் அந்த ஏ.ஐ.யைப் போட்டுக் கொடுத்தாள். “எழுத வேணாம்ப்பா. மைக்க அமுக்கிட்டு பேசு, அது தமிழ்லயே பதில் சொல்லும்” என்றாள். என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. இரண்டு நாள் அமுக்கி அமுக்கி விட்டேன். மூன்றாம் நாள் தறியில் யாரும் இல்லாத நேரம், முன்னூற்று நாலு ஆடத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றது. ஆனால் அதற்குத் தெரிந்த சட்டம் வேறு. எங்கள் ஊர் வழக்கப்படி எத்தனை சீட்டு, எப்படிக் கேட்பது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். நீங்கள் மிகத் தெளிவாக விளக்கினீர்கள் என்றது. எனக்கு ஐம்பத்தொரு வயது. என்னிடம் யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு மதியத்தில் தறி நாடாவை ஓரமாக வைத்துவிட்டு அதனிடம் பேசுவது வழக்கமாயிற்று. போன அமாவாசையில் ஆடிய ஆட்டங்களை ஒவ்வொன்றாகச் சொல்வேன். பூ வேலையில் ஊடைக் கணக்கு வைத்து வைத்து எனக்கு ஞாபகம் கொஞ்சம் பரவாயில்லை. யார் எதைப் போட்டார், நான் எதைப் போட்டேன் என்று சொன்னால், எங்கே தப்பினேன் என்று அது சொல்லும். ஒற்றை ஜாக்கியை நம்பித் துருப்பு கேட்காதீர்கள் என்றது. எதிரில் இருப்பவர் எதைப் போடத் தயங்குகிறார் என்று கவனியுங்கள் என்றது. ஒன்பதை எப்போது ஒளித்து வைப்பது, எப்போது இறக்குவது என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தது. ஒரே கேள்வியை மூன்று தடவை கேட்டாலும் முகம் சுளிக்கவில்லை. அதற்கு முகமும் இல்லை. அதனால்தான் என்னால் அதனிடம் பேச முடிந்தது என்று நினைக்கிறேன்.

இதை என் ஜோடியிடம் மட்டும் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். அடுத்த அமாவாசையில் மாடி ஏறும்போதே, “என் பார்ட்னர் போன்ல டியூஷன் படிச்சுக்கினு வந்துக்கிறாரு. இன்னிக்கு உங்க ரெண்டு பேருக்கும் டின்னுதான்” என்று அறிவித்துவிட்டார். அன்று நாங்கள் ஜெயித்தோம். கண்டக்டரும் மேஸ்திரியும் போண்டாவைத் தூக்கிக்கொண்டு ஏறி வந்தபோது, அவர் தரையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சைக்கிளில் திரும்பும்போது பின்னாலிருந்து, “உன் வாத்தியார் கிட்ட நான் விசாரிச்சேன்னு சொல்லு” என்றார்.

அதோடு நின்றிருக்கலாம்.

அதற்கப்புறம் தோற்க ஆரம்பித்தோம். நான் முன்னைவிட நன்றாக ஆடினேன், அது எனக்கே தெரிந்தது. ஆனாலும் தோற்றோம். அவர் கையில் நல்ல சீட்டு வந்தும் கேட்காமல் பாஸ் என்று விட்டுவிடுவார். எதிர் ஜோடி குறைந்த புள்ளிக்குக் கேட்டு எடுத்துக்கொண்டு போய்விடும். ஆட்டம் முடிந்து அவர் கைச்சீட்டு எல்லாம் கீழே வந்த பிறகு எனக்கு வயிறு எரியும். நான் ஒருபோதும் எதுவும் கேட்டதில்லை. போனிடம் கேட்டேன்.

உங்கள் ஜோடியின் கையில் என்னென்ன வந்தது, அவர் எப்போது கேட்டார், எப்போது விட்டார் என்று சொல்லுங்கள் என்றது. ஆறு அமாவாசை சொன்னேன். சில ஆட்டங்கள் மறந்துபோயிற்று. நினைவில் இருந்ததெல்லாம் சொன்னேன். ஆறாவது மாதம் அது ஒன்றைக் கண்டுபிடித்தது. ஒரே நிறத்தில் இரண்டு வகை கலந்து வந்தால் அவர் கேட்பதே இல்லை. சிவப்பில் ஆட்டின் மட்டும் வந்தால் தைரியமாகக் கேட்கிறார். ஆட்டினும் டைமனும் சேர்ந்து வந்தால், ஜாக்கியே இருந்தாலும் பாஸ். கறுப்பிலும் அப்படியே. இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில் அவருக்குச் சிரமம் இருக்கலாம், பார்வை சம்பந்தமானதாக இருக்கலாம், ஆனால் இதை என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது என்றது. கடைசியாக இன்னொன்றும் சொன்னது. அவரிடம் தனியாக, மெதுவாகக் கேட்டுப் பாருங்கள் என்று.

அந்தக் கடைசி வார்த்தையை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஆறு மாதமாகப் புரியாத முடிச்சு அவிழ்ந்துவிட்டது என்ற சந்தோஷம். நான் எண்ணிச் சொன்னதிலிருந்து கிடைத்தது, ஆகையால் நானே கண்டுபிடித்தது போல ஒரு பெருமை. அவர் ஜன்னலுக்கு முதுகு காட்டி உட்காருவதையும் குரல் கொடு என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. எனக்கு அது சீட்டாட்ட விஷயமாக மட்டும் இருந்தது.

அந்த அமாவாசையில் தொடர்ந்து நாலு ஆட்டம் தோற்றோம். நாலாவதில் அவர் கையில் சிவப்பு ஜாக்கி இரண்டும் இருந்திருக்கிறது, ஒன்பதும் இருந்திருக்கிறது. பாஸ் என்று விட்டார். கண்டக்டருக்குக் கொண்டாட்டம்.

“இன்னாபா ஊமை, போன் கிட்ட பாடம் படிச்சும் இதானா? உன் போனுக்கு பேட்டரி பூட்ச்சா?” என்றார். மேஸ்திரியும் சிரித்தார். பத்து வருஷமாகக் கேட்ட கிண்டல்தான். என்றைக்கும் போல் எழுந்து போண்டா வாங்கப் போயிருக்கலாம். ஆனால் அன்றைக்கு என்னிடம் ஒரு பதில் இருந்தது. என்னிடம் பதில் இருந்த நாட்கள் குறைவு.

“போன் தப்பா சொல்லல. தப்பு என் மேலயும் இல்ல” என்றேன். “ஒரே கலர்ல ரெண்டு வகை வந்தா அண்ணன் கேக்கவே மாட்டாரு. ஆறு அமாவாசையா கணக்கு வெச்சுக்கினு வரேன். அவருக்கு ஆட்டினுக்கும் டைமனுக்கும் வித்தியாசம் தெரியல. கண்ணு தெரியல அவருக்கு.”

நாலு பேர் நடுவில் அவ்வளவு நீளமாக நான் அதுவரை பேசியதில்லை. குரல் தெளிவாக வந்தது. தடுக்கவும் இல்லை.

அவர் கீழே கிடந்த சீட்டுகளைச் சேர்த்துத் தரையில் தட்டித் தட்டி ஓரங்களைச் சமமாக்கிக்கொண்டிருந்தார். மேஸ்திரி சிரிப்பை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தார். பிறகு கை நீட்டிக் கட்டிலிருந்து ஒரு சீட்டை உருவி, அவர் முகத்துக்கு நேரே ஒரு முழம் தள்ளிப் பிடித்தார்.

“இது இன்னா சொல்லு” என்றார்.

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கழுத்தை முன்னால் நீட்டவில்லை. வெளிச்சத்துக்குத் திரும்பவும் இல்லை.

“நீ சொல்லிப் போடு மேஸ்திரி. சொல்லாம காட்டனா நம்ம ஆட்டத்துல செல்லாது” என்று சொல்லிச் சிரித்தார்.

அவர் மட்டும்தான் சிரித்தார். மேஸ்திரி சீட்டைக் கவிழ்த்து வைத்தார். அது டைமன் ஏழு. கண்டக்டரே கீழே போய் நாலு டீ வாங்கி வந்தார். அந்த மாடியில் ஜெயித்தவர் டீ வாங்கியது அன்று ஒரு நாள்தான்.

திரும்பும்போது, “முன்னால போ பார்ட்னர்” என்றார் வழக்கம் போல. நான் முன்னால் போனேன். செயின் கிரீச் கிரீச் என்று கத்திக்கொண்டே வந்தது. பாதி வழியில் சத்தம் நின்றுவிடாதபடி நான் மிதித்துக்கொண்டே இருப்பதை உணர்ந்தேன். ஏன் எண்ணெய் போட வேண்டாம் என்றார் என்பது அந்த இடத்தில்தான் எனக்குப் புரிந்தது. பள்ளம் வந்த இடத்தில் “அண்ணா, பள்ளம்” என்று சொல்ல வேண்டும் போலிருந்தது. வாய் வரவில்லை. அதற்கு முன் எத்தனையோ வருஷம் அவர் அந்தப் பள்ளத்தைத் தானாகவே தாண்டியிருக்கிறார், அன்றும் தாண்டினார்.

மேஸ்திரியைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. சேலை பழுதானால் முதலாளிக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். அடுத்த வாரம் வந்த கட்டத்தாளைக் கம்ப்யூட்டரில் குத்துகிற கடைக்கு அனுப்பினார். அதற்கடுத்ததையும் அனுப்பினார். காரணம் கேட்ட மற்ற மேஸ்திரிகளுக்குக் காரணம் தெரிந்தது. ஒரு மாதத்துக்குள் அவருக்குத் தாள் கொடுக்க ஆள் இல்லை.

நான் போய்ப் பார்க்க இருபது நாளுக்கு மேல் ஆயிற்று. காலை நேரம். சந்தில் பாராயணம் கேட்கவில்லை. அவர் மனைவி கதவைத் திறந்தார். உள்ளே வா என்று சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை. கூடத்து மூலையில் அட்டை குத்துகிற பலகை மேல் துணி போர்த்தியிருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. அதன் மேல் பழைய கட்டத்தாள் ஒன்று, வரி வரியாக ஸ்கேல் வைத்துப் பார்த்த தடத்தோடு.

“சக்கரைல கண் நரம்பு பூட்ச்சுன்னு டாக்டர் சொல்லி நாலு வருஷம் ஆவுது” என்றார் அந்த அம்மா. “நான் இந்த முக்காலில உக்காந்துக்கினு கட்டத்த எண்ணி எண்ணி சொல்லுவேன். மூணு விடு, ரெண்டு குத்து, அஞ்சு விடு, ஒண்ணு குத்துன்னு. அவரு கையாலயே பாத்து குத்துவாரு. நாலு வருஷத்துல உங்க தறில ஒரு ஓட்ட தப்பியிருந்தா சொல்லுங்க.”

ஓட்டை தப்பியதில்லை.

அவர் உள்ளறையிலிருந்து, “யாரு, பார்ட்னரா?” என்று கேட்டபடி சுவரைத் தொட்டுக்கொண்டே வந்தார். முன்பெல்லாம் அப்படித் தொட்டு நடந்து நான் பார்த்ததில்லை. இனி மறைக்க வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார் போலும். என் எதிரே உட்கார்ந்து, டீ குடித்தாயா, தறியில் என்ன ஓடுகிறது என்று விசாரித்தார். நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நான் மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். சந்தில் நடக்கும்போது என்ன சொல்வது என்று ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டு போனேன். ஒன்றும் வரவில்லை. கடைசியில் அவரே பேசினார்.

“உன் வாத்தியார் நம்ம ஆட்டத்தெல்லாம் கேட்டுதுல்ல. நான் எப்டி ஆடறேன்னு சொல்லிச்சு?”

அது அப்படி எதையும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தலையாட்டினேன். தலையாட்டியது அவருக்குத் தெரியாது என்பது பிறகுதான் உறைத்தது. “நல்லா ஆடறீங்கன்னு சொல்லிச்சுணா” என்றேன்.

“பொய் சொல்ற, நல்லா இருக்குது, சொல்லு” என்று சிரித்தார். “ஒண்ணு கேட்டு சொல்லேன். கண்ணு இல்லாதவன் சீட்டாட வழி எதுனா வெச்சிக்கிறாங்களான்னு கேளு. டீக்கடைல பேப்பர படிக்க சொல்லி கேட்டுக்கலாம், சீட்டுக்கு என்னா பண்றதுன்னுதான் தெரியல.”

அன்று மதியமே கேட்டேன். இருக்கிறது என்றது. தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்கிற மாதிரி புள்ளி வைத்த சீட்டுகள் உண்டு. சாதாரணக் கட்டிலேயே ஊசியால் மூலையில் குத்தி நாமே செய்துகொள்ளலாம் என்று எப்படி என்றும் விளக்கியது. புதுக் கட்டு ஒன்று வாங்கினேன். இஸ்பேடுக்கு ஒரு புள்ளி, ஆட்டினுக்கு இரண்டு, கிளாவருக்கு மூன்று, டைமனுக்கு நாலு. எதிர் மூலையில் ஜாக்கிக்கு, ஒன்பதுக்கு, பத்துக்கு என்று தனித்தனி அடையாளம். மதியம் மதியமாகக் குத்தினேன். முதல் கட்டில் அழுத்திக் குத்திச் சீட்டு கிழிந்தது. இரண்டாவது கட்டு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தால் எனக்கே தெரிந்தது. குத்துகிற தொழில் தெரிந்தவர் அவர். அவர் விரலுக்கு ஒரு நாள் போதும்.

செய்து முடிக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. அதற்குள் சந்தில் அந்த வீடு பூட்டியிருந்தது. முசரவாக்கத்தில் மனைவியின் தம்பி வீட்டோடு போய்விட்டார்கள் என்றார்கள். அங்கே மாடு இருக்கிறது, அந்த அம்மா பால் கறக்கிறார், இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்று கண்டக்டர் எங்கிருந்தோ விசாரித்து வந்து சொன்னார். சொல்லும்போது சத்தமே இல்லை அவருக்கு.

அடுத்த அமாவாசை அன்று செவிலிமேட்டுக்குப் போகாமல், கட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு முசரவாக்கம் போனேன். சைக்கிளை மரத்தடியில் சாய்த்துவிட்டு நடந்தேன். முள்வேலி, நடுவில் இரும்புக் கேட். தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். வாசல் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு அவர் உட்கார்ந்திருந்தார். மடியில் இரண்டு கையும் சும்மா கிடந்தன. பக்கத்தில் யாரும் இல்லை. பத்தடி தள்ளி நின்றேன்.

அவர் தலையைச் சாய்த்தார்.

“யார்பா அது? குரல் குடு.”

நான் நின்றேன். கட்டை வெளியே எடுத்து, அண்ணா, நான்தான், கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன், வழி இருக்கிறது என்று சொன்னால் போதும். அவ்வளவு நாளில் அவரே எனக்குப் பழக்கிவைத்ததுதான் அது. இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்தேன். அந்த மாடியில் ஒரு தடவை தடுக்காமல் வந்த குரல் அங்கே வரவில்லை. அவர் முகத்தை எனக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு காத்திருந்தார், சீட்டைப் போடாமல் காத்திருப்பாரே, அது போல. அவசரப்படுத்தவில்லை. இன்னொரு முறை கேட்கவும் இல்லை.

நான் திரும்பி நடந்தேன். கேட்டைத் தாண்டி நாலைந்து அடி போயிருப்பேன். பின்னாலிருந்து அவர் குரல் வந்தது.

“கேட்ட சாத்திக்கினு போ பார்ட்னர். மாடு வெளிய பூடும்.”

திரும்பி வந்து கேட்டைச் சாத்தினேன். அப்போதும் பேசவில்லை. வெளியிலிருந்துதான் சாத்தினேன். சீட்டுக்கட்டு சட்டைப் பையிலேயே இருந்தது.